அடிமண் தெரிந்த காலை

...இன்றைக்குத்தானா, வேறு நாளே கிடைக்கவில்லையா இந்தக் கடலுக்கு, ஒன்பது வருடம் கல்லுளிமங்கன் மாதிரி கிடந்துவிட்டு, வீட்டு வாசலில் லாரி வந்து நிற்கிற காலையில் பார்த்தா கரையைத் திறந்து காட்ட வேண்டும்? முந்தாநாள் புயல் ஆள் உயரத்துக்கு மணலை வழித்துக்கொண்டு போய்விட்டது, கீழே கறுத்த களிமண் பளபளக்கிறது, அதுதான் அடிமண், கனமான எதுவும் அதைத் தாண்டி இறங்காது, என்றோ உடைந்த கப்பலின் காசுகள் தங்குவதென்றால் அதன்மேல்தான் தங்க வேண்டும். இரண்டே நாளில் கடல் மறுபடி மணலைக் கொட்டி மூடிவிடும். தச்சனுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஊரே கேட்டாயிற்று. கேட்கட்டும். ஒரு வெள்ளிக்காசு, ஒரே ஒரு காசு, இதே இடத்தில் காலில் இடறியது, அன்று பிடித்தது பைத்தியம், கையில் உலோகம் தேடும் கருவி, காதில் ஹெட்போன், வாயில் எப்போதும் அடுத்த புயல். "நீங்க கட்டிக்கிட்டது என்னையா, அந்தக் கம்பையா?" என்று மனைவி முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டு, கடலே இல்லாத ஊரில் வேலை தேடிக்கொண்டாள், மகளுக்குப் பள்ளிக்கூடமும் பார்த்துவிட்டாள். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான்... இப்போது மணி என்ன இருக்கும்? வேண்டாம், பார்க்க வேண்டாம்.

கருவி கத்துகிறது, இந்தப் பக்கம் கத்துகிறது, அந்தப் பக்கம் நகர்ந்தால் அங்கேயும் கத்துகிறது, தோண்டினால் ஆணி, மறுபடி தோண்டினால் மறுபடி ஆணி, ஒன்றரை அங்குலம், தலை நசுங்கியது, இதை எங்கேயோ பார்த்த மாதிரி... எங்கேயோ என்ன எங்கேயோ, இவன் பட்டறை ஆணிதானே! தொப்பிக்காரர், அந்த ஓய்வுபெற்ற தபால்காரர், அவரும் ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் சுற்ற ஆரம்பித்த வருடம், காசு கிடைத்த இடத்தை மோப்பம் பிடித்துவிடுவாரோ என்று வயிறு எரிந்து, பட்டறையைக் கூட்டினால் சேரும் ஆணிகளை டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து மணலில் விதைத்தவன் இவன்தான், அவர் கருவி குழம்பட்டும் என்று. குழம்பித்தான் போயிற்று, மனிதர் தலையைச் சொறிந்துகொண்டே போனதை வீட்டில் நடித்துக் காட்டினான். "அப்போ உங்க கருவி மட்டும் குழம்பாதா?" என்றாள் அவள். "ஆணியெல்லாம் மேல்மண்ணோட போயிடும்மா" என்றான், பெரிய மேதாவி! இரும்பும் கனம்தான், அதுவும் அடிமண்ணுக்குத்தான் இறங்கும் என்று ஒரு தச்சனுக்குத் தோன்றவில்லை. யாருக்கோ வைத்த வலையில் தானே காலைவிட்டுக்கொண்டு, ஆணி பொறுக்கிக்கொண்டிருக்கிறான், அங்கே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்.

ஆனால் இது... இது ஆணியின் கத்தல் இல்லை. மெல்ல, நீளமாக, கருவி வாங்கிய அன்று அந்த வெள்ளிக்காசை அதனிடம் காட்டிப் பார்த்தபோது வந்த அதே ஓசை. முட்டி போட்டான், களிமண்ணில் விரலை விட்டான், அலை வந்து குழியை நிரப்பியது, இறைத்தான், மறுபடி நிரப்பியது, கடல் ஏற்றம் தொடங்கிவிட்டதா அதற்குள்? சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

"என்னங்க, எல்லாம் ஏத்தியாச்சு. வீட்டுக்காரர் சாவிக்கு நிக்கிறார். உங்க உளிப்பெட்டி மட்டும் கீழ இருக்கு. ஏத்தட்டுமா, வேணாமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் இவனும் கத்தியிருக்கலாம், கத்திவிட்டு இங்கேயே நின்றிருக்கலாம், ஆனால் அவள் பாப்பாவுக்குப் பால் ஊற்றட்டுமா என்று கேட்பதுபோல அல்லவா கேட்கிறாள், அழுகை வந்தது இவனுக்கு. ஏற்றாவிட்டால்? காலி வீடு கூட இல்லை, சாவி போய்விடும், இந்தக் கரையும் இவனும்தான்.

"ஏத்து" என்றான். "வந்துட்டேன்."

எழுந்தான். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, அவளும் வைக்கவில்லை, லாரியின் இரைச்சல் கேட்டது, மகள் யாரிடமோ ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுவது கேட்டது, திரும்பிப் பார்க்காமல் நடந்தான், நேராக, கரையோரத் தடுப்புச்சுவரின் படியைப் பார்த்து, அப்பாடா, விட்டுவிட்டோம், இவ்வளவுதானா, இதற்கா ஒன்பது வருடம்...

"எங்க வந்துட்டீங்க?"

படியில் கால் வைத்திருந்தான். படிகிட்ட வந்துட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"நூத்தி எம்பத்தாறு."

மறுபடி வந்து தோண்ட இடம் குறிப்பவன்போல, குழியிலிருந்து ஒவ்வோர் அடியாக எண்ணிக்கொண்டு வந்திருக்கிறான் என்பது அதைச் சொன்ன பிறகுதான் இவனுக்கே தெரிந்தது. என்ன சொன்னீங்க என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தான். அவள் கேட்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது.