தண்ணீர் தொடாத கிளாரன்ஸ்

குடியுரிமை என்பது மனிதனும் தேசமும் கைகோத்துச் செய்துகொள்ளும் புனித உடன்படிக்கை. அதை முறித்தவனை வரலாறு மன்னிப்பதில்லை. காக்ஸ் டவுன் கிளாரன்ஸ் விஷயத்தில் வரலாறு தலையிடவில்லை. குழாய்த் தண்ணீர்தான் தலையிட்டது. பத்து வருஷம் லண்டனில் இருந்துவிட்டு 1959 ஜூனில் அவர் வீடு திரும்பிய அன்று, மனைவி பியாட்ரிஸ் முதுகில் ஊற்றிய வெந்நீர், முதுகுக்கு ஒரு விரற்கடை முன்னால் இரண்டாகப் பிரிந்து, அவரைத் தொடாமலே சாக்கடைக்குப் போனது. சொம்பை வாங்கி அவரே மொண்டு பார்த்தார். தண்ணீர் சொம்பிலிருந்து எழும்பி விளிம்பைத் தாண்டி அண்டாவுக்கே திரும்பிவிட்டது.

காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. 1949இல் கப்பலேறிய கிளாரன்ஸ் அங்கே ஒரு டிப்போவில் பஸ் கழுவினார். ஊருக்கு எழுதும்போது 'போக்குவரத்து நிர்வாகம்' என்று எழுதினார். 1957இல், யாரும் வற்புறுத்தாமல், தானாகவே அந்த நாட்டுக் குடிமகனாகப் பதிவு செய்துகொண்டார். அப்படிச் செய்தால் பிறந்த நாட்டுக் குடியுரிமை அந்த நொடியே போய்விடும் என்று சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சட்டத்தை அவர் படித்திருந்தார். அது சாதாரண ஆட்களுக்கு என்று நினைத்துக்கொண்டார். புதுப் பாஸ்போர்ட்டை மார்போடு பிடித்து ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்து அனுப்பினார். பியாட்ரிஸுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுவிட்டன, டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லிவிட்டார் என்று மகள் பவுலின் எழுதிய பிறகுதான், கூட இருந்து பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தார்.

"அடுத்தவன் பஸ்ஸெல்லாம் கழுவுன கை. சொந்த முதுகுக்கு ஒரு சொம்பு இல்ல பாருங்க," என்றாள் பியாட்ரிஸ். நிர்வாகத்தின் விவரம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"இங்க பிரஷர் கம்மி. அதான்," என்றார் கிளாரன்ஸ்.

தண்ணீர் இல்லாத மனிதர் பாலில் பிழைத்தார். மாட்டுக்குள் இருக்கும் தண்ணீரைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. மாட்டுக்கு வெளியே சேர்ந்த தண்ணீர்தான் அவரைப் புறக்கணித்தது. ஜோகுபாளையத்திலிருந்து வரும் பால்காரன் கோவிந்தன் ஊற்றிய பாலை அவர் கையில் வாங்கியதும், முக்கால் டம்ளர் எழும்பி முற்றத்தில் இறங்கி ஓடியது. கால் டம்ளர் பால் மிஞ்சியது. தெரு முழுக்கப் பார்த்தது. மறுநாள் முதல் அக்கம்பக்கத்தார் பால் வாங்கியதும் கிளாரன்ஸ் வீட்டு ஜன்னல் வழியாக டம்ளரை நீட்டி, அவர் ஒருமுறை தொட்டுக் கொடுத்த பிறகே அடுப்பில் வைத்தார்கள். ஹோட்டல்காரர்கள் சைக்கிளில் கேனோடு வந்தார்கள். உள்ளே உட்கார்ந்து, டை கட்டிக்கொண்டு, காமன்வெல்த்தின் எதிர்காலம் பற்றிச் சொல்லியபடி அவர் தொட்டுக் கொடுத்தார். எதிர்காலத்தைக் கேட்க யாரும் நிற்கவில்லை. கோவிந்தன் மட்டும் ஒரு நாள் ஜன்னலருகே வந்து நின்றான்.

"தொரை, நீங்க அந்த ஊர்லயே இருந்திருக்கலாம். ரெண்டு ஊருக்கும் நல்லது."

சிரிப்பாகத்தான் இருந்தது, பியாட்ரிஸ் படுக்கும்வரை. அவள் உடம்பு வீங்கியது; தாகம் அவளை விடவில்லை. காய்ச்சலுக்கு ஈரத்துணி போட கிளாரன்ஸ் துணியைக் கையில் எடுத்ததுமே அது மொடமொடவென்று காய்ந்துவிடும். அடுத்த வீட்டுப் பாஞ்சாலி வந்து துணி போட்டாள், வாய் துடைத்தாள், மாத்திரைக்குத் தண்ணீர் கொடுத்தாள். புருஷன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். கடைசி வாய்த் தண்ணீர் அவர் கையால்தான் வேண்டும் என்று பியாட்ரிஸ் சொல்லிவிட்டாள். அதற்காகவே பழைய குடியுரிமையைத் திரும்பக் கேட்டு மனுப் போடக் கிளம்பினார். லண்டனில் அவர் உதறிவிட்டு வந்த விஷயம் இப்போது ஒரு ஸ்பூன் அளவுக்கு வந்து நின்றது.

அலுவலகத்தில் பேனாவைக் காகிதத்தில் வைத்தார். மை மேலேறிப் பேனாவுக்குள் போய்விட்டது. அதுவும் இந்த ஊர்த் தண்ணீரில் கரைத்த மை. பென்சிலை எடுத்தார்.

"ஆகல்ல சார், பென்சில் ஆகல்ல. கைநாட்டு வைங்க," என்றார் குமாஸ்தா.

"நான் மெட்ரிகுலேஷன்."

"மெட்ரிகுலேஷனுக்கும் கட்டவிரல் இருக்குமே சார்."

கிளாரன்ஸ் கட்டைவிரலை நீட்டினார். மை தடவிய பஞ்சு அந்த இடத்தில் மட்டும் வெள்ளையாகிவிட்டது. கடைசியில் லண்டனிலிருந்து ஒரு மைப்புட்டியைத் தபாலில் வரவழைத்தார். அந்த மை பிடித்தது. வளைத்து நெளித்து, கீழே இரண்டு கோடும் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். மனு டெல்லிக்குப் போனது. முதலில் சில வருஷம் தொடர்ந்து இங்கே வசிக்க வேண்டும், அப்புறம் பரிசீலிப்பார்கள் என்றார் குமாஸ்தா. கிளாரன்ஸுக்கு வசிப்பதில் ஆட்சேபம் இல்லை. பியாட்ரிஸுக்குத்தான் அத்தனை வருஷம் கைவசம் இல்லை.

1962 செப்டம்பரில் ஒரு பிற்பகல் அவள் கண்ணைத் திறந்தாள். "பவுலினப்பா, குடுங்க."

அவர் ஸ்பூனை எடுத்தார். படுக்கைக்குக் கொண்டுபோவதற்குள் காலி. டம்ளரோடு கொண்டுபோனார், காலி. பஞ்சை நனைத்தார், வெறும் பஞ்சு அவள் உதட்டில் ஒட்டிக்கொண்டது. பாஞ்சாலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பியாட்ரிஸ் பஞ்சைத் தானே எடுத்துப் போட்டாள்.

"போதும், விடுங்க. போட்டோல நல்லாத்தான் இருந்தீங்க," என்றாள். பிறகு, "பாஞ்சாலி, நீ குடும்மா."

பாஞ்சாலி கொடுத்தாள். இரண்டு ஸ்பூன் இறங்கியது. மூன்றாவது இறங்கவில்லை.

மறுநாள் கல்லறையில் பெட்டியை இறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. கிளாரன்ஸைச் சுற்றி நாலு பக்கமும் பத்தடிக்கு மட்டும் ஒரு துளியும் விழவில்லை. வந்திருந்தவர்கள் எல்லோரும், சாமியார் உட்பட, அந்த வட்டத்துக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். பவுலின் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் தன்னை இத்தனை நெருக்கமாகச் சூழ்ந்து நின்று அவர் பார்த்ததில்லை. மனம் இளகி, தொண்டையைச் செருமிக்கொண்டு, இங்கிலீஷில் நன்றியுரை தொடங்கினார். அழுகையும் வந்தது, கண்ணீர் வரவில்லை.

உரை பாதியில் இருக்கும்போது மழை விட்டது. எல்லோரும் மளமளவென்று விலகிப் போனார்கள், பவுலினும். குளித்து மூன்று வருஷமான கிளாரன்ஸ் நாற்றமடித்தார்.