அடுத்த பாட்டு

கோட்டாற்றில் கதீஜா உம்மாளின் வீட்டுச் சுவர் முழுக்க ஓதம் ஏறியிருந்தது. பழைய பூச்சை உளி வைத்துக் கொத்தி இறக்கிவிட்டுப் புதுசாகப் பூச வேண்டும். கொத்தனார் தேவகுமார் காலையில் எட்டிப் பார்த்து, இன்றைக்கு இவ்வளவு என்று கை காட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவான். கொத்துவது கையாள் பாடு. கையாள் நான்தான். அறுபது வயசில் சுத்தியல் கனக்கத்தான் செய்கிறது.

உம்மாவுக்கு எண்பது இருக்கும். சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது. வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், முகம் தெரியாது. மகன் ஷாஹுல் துபாயில், மகள் ஜஸ்னா திருவனந்தபுரத்தில். வீட்டில் உம்மாவும் ஒரு பாட்டுப் பெட்டியும்தான்.

அந்தப் பெட்டிக்குள் நகத்தளவு ஒரு கார்டு. உம்மாவின் வீட்டுக்காரர் ஹசன், அறுபதுகளில் வந்த சினிமாப் பாட்டுகளைச் சேர்த்து விற்கிற காஸெட்டு எங்கே கண்டாலும் வாங்கி வந்துவிடுவாராம். அவர் இறந்த பிறகு ஷாஹுல் அத்தனையையும் அதே வரிசையில் கார்டில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். பூஞ்சை பிடித்த காஸெட்டெல்லாம் பிறகு குப்பைக்குப் போய்விட்டது. காலையில் போட்டால் முதல் பாட்டிலிருந்து தொடங்கும். அந்தி வரை ஓடும்.

உம்மாவுக்கு அதுதான் கடிகாரம். படகுப் பாட்டு வந்தால் அரிசி போடுவார். ரெண்டு பெண்கள் மாறி மாறிப் பாடுகிற பாட்டு வந்தால் கண்ணுக்கு மருந்து. ஒரு பாட்டு மட்டும் பாதியில் அறுந்துபோகும், காஸெட்டில் அந்தப் பக்கம் அங்கே தீர்ந்துவிட்டது. அறுந்ததும் மாத்திரை.

"ஏலே ஆறுமுகம், இப்பம் விசில் பாட்டு வரும். அது தீருவது வரைக்கும் சுவத்தை அடிக்காத."

"கொத்தனாரு வந்தா என்னையல்லா அடிப்பாரு உம்மா."

"போயி ஒரு பீடி வலிச்சிட்டு வா. அவன்கிட்ட நான் சொல்லுதேன்."

"பீடிய விட்டு வருசமாச்சு உம்மா."

"அப்பம் இருந்து கேளு. காதையும் விட்டாச்சா?"

இருந்து கேட்பேன். இந்தப் பாட்டெல்லாம் வந்த காலத்தில் நான் தொட்டிலில் கிடந்தேனோ, பிறக்கவே இல்லையோ. ஆனாலும் கேட்கும்போது, எங்கேயோ ஒரு வீட்டில் எனக்கென்று சோறு எடுத்து மூடி வைத்திருக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அப்படி யாரும் எடுத்து வைத்ததில்லை. பாட்டுக்கு அது தெரியாதே.

எனக்கும் வேண்டும் என்று தோன்றிவிட்டது. பஸ்ஸில் திரும்பிப் போகும்போது, வீட்டில் கால் நீட்டும்போது கேட்க. உம்மாவிடம் கேட்டிருந்தால் தந்திருப்பார். கூலிக்கு வந்தவன் பாட்டு கேட்பதா என்று ஒரு வெட்கம். ஒரு நாள் அந்தியில் பெட்டியை நிறுத்திவிட்டு உம்மா தொழப் போன நேரத்தில் கார்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என் போனில் ஏற்றிவிட்டுக் காலையில் திரும்ப வைத்துவிடலாம் என்பதுதான் எண்ணம்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கிற சுதீஷ் கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தான்.

"திறக்க மாட்டேங்குது அண்ணாச்சி. ஃபார்மட் பண்ணட்டா?"

எழுத்துக் கூட்டவே முப்பது வயசுக்கு மேல் அறிவொளி வகுப்பில் படித்தவன் நான். அவன் கேட்டது விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. "என்ன வேணுமோ பண்ணுப்பா" என்றேன். அவன் பண்ணிய பிறகுதான் சொன்னான், உள்ளே இருந்தது மொத்தமும் போய்விட்டது என்று.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே ஆறுதலும் சொன்னான். "சவம் போட்டும் அண்ணாச்சி. அறுபதுகளின் ஹிட்ஸ் எங்கிட்ட கிடக்கு. அதே பாட்டுதான், இரைச்சல் இல்லாம நல்லா தெளிவா இருக்கும். இதுல ஏத்தித் தாறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

மறுநாள் உம்மா பெட்டியைப் போடும் முன்னே கார்டை உள்ளே வைத்துவிட்டேன்.

விசில் பாட்டு வந்தது. உம்மா அரிசி களைந்து கையில் பானையோடு நின்றார். படகுக்குப் பதில் ரெயில் பாட்டு வந்தது. உம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். பானையை இறக்கவும் இல்லை, அடுப்பில் வைக்கவும் இல்லை. மதியத்துக்கு மேல், அந்தப் பாதிப் பாட்டு அறுபடாமல் கடைசி வரை போய் முடிந்தது. மாத்திரை உம்மாவின் உள்ளங்கையிலேயே இருந்தது.

"ஏலே ஆறுமுகம், விசில் பாட்டுக்கு அப்புறம் படகுதானே?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"எனக்கு எங்க தெரியும் உம்மா? நான் சுவத்தையல்லா பாத்துக்கிட்டிருக்கேன்."

"அதுவும் செரிதான்" என்றார்.

அதற்குப் பிறகு என்னிடம் பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க இருந்தார். உதடு அசைந்துகொண்டே இருக்கும். கூடப் பாடுகிறார், பழகிவிட்டார் என்று நினைத்து எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் சோறு குழைந்தது, ஒரு நாள் அடிப்பிடித்தது. கண் மருந்தை விட்டோமா இல்லையா என்று தெரியாமல் ரெண்டாம் தடவையும் விட்டுக்கொண்டார். ஒரு நாள் போனில் மகளிடம் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"மக்ளே, எங்க அக்காவுக்கு வந்தது எனக்கும் தொடங்கியாச்சு. அவ பெத்த பிள்ளையையே யாருன்னு கேட்டா, ஓர்மை இருக்கா?"

கேட்டுவிட்டுச் சுவரைக் கொத்தத்தான் செய்தேன். நாளைக்குச் சொல்லலாம், கொஞ்சம் தனியாக இருக்கும்போது சொல்லலாம். அவர் எப்போதும் தனியாகத்தான் இருந்தார்.

ஜஸ்னா வந்தாள். டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் தேதி கேட்டிருக்கிறார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லியிருக்கிறார். பயந்துபோன கிழவி எதைச் சரியாகச் சொல்லும்? மறுநாள் காலையில் நான் போனபோது கூடத்தில் பெரிய பெட்டி கட்டி வைத்திருந்தது.

"வேலைய நிறுத்திருங்க அண்ணாச்சி. உம்மாவ எங்கூட கூட்டிட்டுப் போறேன். வீட்டைப் பூட்டப் போறோம்" என்றாள் ஜஸ்னா.

உம்மா கட்டிலின் ஓரத்தில், யாரோ வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி இருந்தார். நான் உளியும் சுத்தியலும் கிடந்த சாக்கைத் தரையில் வைத்தேன். கார்டை எடுத்தது, சுதீஷ் அழித்தது, வேறு பாட்டை ஏற்றி வைத்தது, தெரியாது என்று பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன்.

ஜஸ்னா கோபப்படவில்லை. என்னை ஒரு மாதிரி பரிவோடு பார்த்தாள். "உம்மா இப்பிடிச் சொல்லச் சொல்லிச்சா அண்ணாச்சி?"

"இல்ல மக்ளே, சத்தியமா நான் செஞ்சதுதான்."

"பாதியில நிக்குத பாட்டு முழுசா முடிஞ்சிட்டுன்னு உம்மா போன்ல அழுதுச்சு. பாட்டுன்னா முடியத்தானே செய்யும்? வீட்டைவிட்டுப் போக உம்மாவுக்கு இஷ்டமில்ல, எனக்கும் தெரியும். உங்களுக்கு நல்ல மனசு அண்ணாச்சி."

என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். சுதீஷுக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்றேன். கேட்டாள். ஒரு நாளைக்கு எத்தனையோ கார்டு வருகிறது, ஞாபகமில்லை என்றுவிட்டான்.

கட்டில் ஓரத்திலிருந்து உம்மா மகளைக் கூப்பிட்டார். "ஏட்டி, அந்தப் பாட்டுப் பெட்டியைப் போடு. ஒண்ணு தீரும்போ நிறுத்து."

ஜஸ்னா போட்டாள். விசில் பாட்டு முடிந்ததும் நிறுத்தினாள்.

"ரெயில்" என்றார் உம்மா.

ரெயில் பாட்டு வந்தது. அதை ஓட்டி முடித்து நிறுத்தினாள்.

"பிள்ளைய ஒறக்குத பாட்டு. அதுக்குப் பின்னால தேங்காத் தோப்புல ஆடுத பாட்டு. அதுக்குப் பின்னால ஒருத்தன் அழுதுக்கிட்டே பாடுவான், சவம், என்ன அழுகையோ."

வரிசையாக வந்தது. நடுவில் எங்கெங்கோ தாண்டிப் போய் ஜஸ்னா கேட்டாள். ஒன்றும் பிசகவில்லை. அவள் கை பெட்டியின் பொத்தானிலேயே நின்றுவிட்டது.

"இந்தக் கார்டு போட்டு எத்தன நாளாச்சு அண்ணாச்சி?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

"ரெண்டு வாரத்துலயா இவ்வளவும்?" கட்டி வைத்த பெட்டியின் மேலேயே இருந்துவிட்டாள். "உம்மா, எனக்கு நேத்து பாத்த சீரியல் ஓர்மையில்ல. உனக்கா மறதி?"

"மறந்துபோனத திரும்பப் படிக்கேன்னுதான்டி நெனச்சேன். நீங்க கண்டுபிடிக்கதுக்கு முன்ன படிச்சிரணும்னு இருந்தேன்."

ஜஸ்னா சிரித்தாள், அழுதாள், துபாய்க்குப் போன் போட்டு, உம்மாவுக்கு ஒன்றுமில்லை, இங்கேயே இருக்கட்டும் என்று தம்பியிடம் சத்தமாகச் சொன்னாள். கட்டின பெட்டியை அவிழ்த்துச் சேலைகளை அலமாரியில் அடுக்கினாள். என் நெஞ்சிலிருந்தும் ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தது.

உம்மா மட்டும் சிரிக்கவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"பழசுல விசில், அப்புறம் படகு. படகுக்கப்புறம் ரெயில்... இல்ல, ரெயில் இதுல உள்ளது. படகுக்கப்புறம்..." நிறுத்தினார். மறுபடி விசிலிலிருந்து தொடங்கினார். படகில் வந்து நின்றார். "ஏலே, உனக்கு ஓர்மை இருக்கா?"

நானும் எவ்வளவோ யோசித்தேன். எனக்கும் ரெயில்தான் வந்தது.

"போட்டும் உம்மா. பாட்டெல்லாம் அப்பிடியே இருக்குல்லா?" என்றாள் ஜஸ்னா.

"பாட்டு இருக்குட்டி. உங்க வாப்பா இருந்த காலத்துல, ஒண்ணு தீந்து மத்தது வாறதுக்குள்ள வாயைத் திறக்காம தொண்டைக்குள்ளயே அடுத்த பாட்டை மூளத் தொடங்கிருவாரு. பெட்டி ஓடும்போ அந்த எடத்துல எனக்கு அது கேக்கும். இப்பம் என்னத்தை மூளுனாருன்னு வரமாட்டேங்குது. இந்தப் புதுசு வந்து நிக்குது."

பிறகு என் நிழல் விழுந்த பக்கமாகத் திரும்பினார்.

"அன்னைக்கு உங்கிட்ட கேட்டேன்லாடே. அன்னைக்கு எனக்குப் பழைய வரிசை எல்லாம் ஓர்மையில இருந்துது. நீ சொல்லியிருந்தா, அந்த நாற்காலியில இருந்து மொத்தத்தையும் சொல்லியிருப்பேன். யாராவது கேட்டு வச்சிருக்கலாம்."

ஏசியிருந்தால் நின்று வாங்கியிருப்பேன். ஏசவில்லை. ஜஸ்னா விருந்தாளிக்குக் கொடுக்கிற கண்ணாடித் தம்ளரில் சாயா கொண்டுவந்து என் கையில் தந்தாள். நீங்க சொல்லலேன்னா உம்மாவ கொண்டுபோயிருப்பேன் அண்ணாச்சி, என்றாள். சீனி நிறையப் போட்டிருந்தாள். உம்மாவின் முன்னால் நின்றே குடித்தேன்.