நாற்றங்கால் மண்

வட்டாட்சியர் அலுவலகத்தில் இறால் பண்ணை மேலாளர் அந்தக் காகிதத்தை உரக்க வாசித்ததைக் கமலவல்லி கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் எழுதியதுதான். பல்கலைக்கழகத்தில் மண்ணியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவள், அப்பா பஞ்சநாதனின் வயல் மண்ணைச் சோதித்து, 'உப்பு இல்லை, நெல்லுக்கு ஏற்றது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

சீர்காழிக்குக் கிழக்கே தாராளமயம் வந்து இறங்கிய லட்சணம் இது. பக்கத்து நிலத்துக்காரர் துபாய் போகிற அவசரத்தில் விற்றுவிட்டார். வாங்கிய கம்பெனி குளம் வெட்டிக் கடல்தண்ணீரை நிரப்பியது. இரண்டே போகத்தில் பஞ்சநாதன் வயல் கருகி, வரப்போரம் உப்புப் பூத்துவிட்டது. பண்ணையை மூடச் சொல்லி மனுக் கொடுத்தார் மனிதர். கொடுத்தவர் சும்மா இருக்கக் கூடாதா? மகள் எழுதியதாயிற்றே என்ற பெருமையில், இங்கிலீஷில் இருந்த இந்த அறிக்கையையும் படிக்காமலே சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

போன பருவத்தில் பல்கலைக்கழகத்தில், பாடப் பயிற்சிக்காக அவரவர் வயல் மண்ணைக் கொண்டுவரச் சொன்னார்கள். இவள் விடுதியிலிருந்து கடிதம் போட்டாள், அப்பா பையில் கட்டி பஸ்ஸில் அனுப்பினார். வயல் கருகியது அப்போது இவளுக்குத் தெரியாது. உப்பு நம் வயலுக்கு எட்டவில்லை என்று வந்ததும் சந்தோஷத்தில் வீட்டுக்கு ஒரு நகல் அனுப்பியவளும் இவளேதான்.

"அந்த மண்ணை எங்கேருந்துப்பா எடுத்தீங்க?" அலுவலகத்தில் இப்போதுதான் கேட்டாள்.

"வீட்டுக் கொல்லை நாத்தங்கால்லதாம்மா. சல்லடையில சலிச்சுதான் அனுப்புனேன். உங்க வாத்தியாருங்க பாக்குறது, கருகுன மண்ணையா கொடுக்கிறது?"

அப்பாவைக் கடிந்து என்ன பிரயோஜனம்? வயலில் நாலைந்து இடத்தில் நீயே வெட்டி எடு என்பதுதான் முதல் வகுப்பிலேயே சொன்ன பாடம். தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. பாப்பாவே நல்ல மண் என்று சொல்லிவிட்டதே என்று மேலாளர் இளித்தார். அந்த இளிப்பைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அறிக்கையை ஏற்று மனுவைத் திரும்பப் பெறுவதாக ஒரு தாளை எழுதி, வட்டாட்சியர் அதைப் பஞ்சநாதன் பக்கம் நகர்த்தினார். அவமானத்தில் குனிந்த தலை நிமிராமல் அவர் பேனாவை எடுத்தார். கமலவல்லி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போடாதீங்கப்பா. பாக்காத மண்ணுக்கு நான் போட்ட கையெழுத்தே போதும்." வட்டாட்சியரிடம் திரும்பினாள். "அந்த அறிக்கை தப்புங்க. காலேஜுலயும் எழுதிக் கொடுத்துடுறேன், மார்க்கை எடுத்துக்கட்டும். இப்ப வயலுக்கு வாங்க. நீங்க காட்டுற இடத்துல நான் வெட்டுறேன்."

ஜீப் வெளியே போயிருக்கிறதே என்று இழுத்தார் அவர்.

"பத்து நிமிஷத்துல டவுன் பஸ் இருக்குங்க" என்றாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.