தொடுவதற்கு முன் சொல்லிவிடவும்

எங்கள் நர்சிங் கல்லூரியில் ஊசி போட்டுப் பழக ஒரு பிளாஸ்டிக் மனிதர் இருந்தார். எந்நேரமும் கட்டிலிலேயே கிடந்ததால் அவருக்குச் சித்தப்பா என்று பெயர் வைத்திருந்தோம். அவரைத் தொடுவதற்கு முன்னும் சொல்ல வேண்டும், முடித்த பின்னும் "முடிஞ்சிடுச்சு, நல்லா ஒத்துழைச்சீங்க" என்று சொல்ல வேண்டும் என்பது டியூட்டர் மேடத்தின் சட்டம். நரம்பைத் தவறவிட்டால் மன்னிப்பு உண்டு. "இப்ப ஊசி போடப் போறேன் சித்தப்பா, லேசா வலிக்கும்" என்று சொல்லாமல் குத்தினால் கிடையாது.

படிப்பு முடிந்தது. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக வேலை கிடைத்துப் போனார்கள். ஹாஸ்டல் அறையில் என் கட்டிலைத் தவிர மற்றவற்றில் மெத்தைகளைச் சுருட்டிவிட்டார்கள். புது மாணவர்கள் வரும்வரை இருந்துகொள் என்றார் வார்டன். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் அண்ணனின் டைல்ஸ் கடைதான்.

சொல்லும் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. "இப்ப லைட்டைப் போடப் போறேன், கண்ணு கூசும்" என்று சுருட்டிய மெத்தைகளிடம் சொல்லிவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவேன். அவை நன்றாக ஒத்துழைத்தன.

வேலைக்கு எழுத சீனியர்கள் ஒரு மாதிரிக் கடிதத்தை விட்டுப் போயிருந்தார்கள். அதன்படி எங்கள் வகுப்பில் அத்தனை பேரும் சிறுவயது முதலே சேவை மனப்பான்மை கொண்டவர்கள். ஒருவன் சீனியரின் பெயரைக்கூட மாற்றாமல் அனுப்பினான். முதலில் வேலை கிடைத்தது அவனுக்குத்தான். நான் பெயரை மாற்றி அனுப்பினேன். அதுதான் தப்போ என்னவோ, எந்த ஆஸ்பத்திரியும் பதில் போடவில்லை.

சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தபோது அண்ணன் கூப்பிட்டான்.

"என்னடா பண்றே?"

"ரெஸ்யூமே எழுதுறேன்ணே."

"நேத்தும் அதைத்தானே எழுதினே?"

"பொழுதுபோக்குல திணறிட்டு இருக்கேன். பயணம்னு போட்டிருக்கேன்."

"நீ எங்கடா பயணம் போனே?"

"மெஸ்சுக்கு."

"கிண்டலுக்கு ஒண்ணும் குறைச்சலில்லை. கிடைக்கலேன்னா கடைக்கு வந்துடு. ஹால்ல படுத்துக்கலாம்னு அண்ணியே சொல்லிட்டா. சோபா புதுசாம், கால் மட்டும் வைக்கக் கூடாதாம்."

போனை வைத்துவிட்டு 'அனுபவம்' என்று தலைப்புப் போட்டேன். அதன் கீழே பளிச்சென்று ஒன்றுமில்லை. வார்டு பயிற்சியில் பார்த்த லாரி டிரைவர் மட்டும் ஞாபகத்துக்கு வந்தார். கால் முறிந்து படுத்திருந்தார். பார்வையாளர் நேரம் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த நேரம் பார்த்து நான் பிபி கருவியோடு போவேன். "இப்ப பிபி பாக்கப் போறேன்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் கையை நீட்டிவிடுவார். சார்ட்டின்படி அந்த நேரத்தில் பிபி பார்க்க வேண்டியதே இல்லை. இதை எந்தத் தகுதியில் சேர்ப்பது என்று தெரியாததால் கடிதத்திலேயே எழுதினேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினேன், ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியும் விட்டேன்.

அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தேன். வாய் சொன்னதையெல்லாம் விரல் தட்டியிருந்தது. கடிதம் இப்படித் தொடங்கியது: "வணக்கம். இப்போது என்னைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கொஞ்ச நேரம்தான். அசையாமல் இருக்கவும்." முடிவில்: "அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நன்றாக ஒத்துழைத்தீர்கள்."

டைல்ஸ் வகைகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

இரண்டு நாள் கழித்து, சாப்பிடப் போகும் நேரத்தில் போன் வந்தது. அந்த ஆஸ்பத்திரியின் மேட்ரன்.

"அசையாம இருக்கச் சொன்னது நீங்கதானே?"

"மன்னிச்சுக்கோங்க மேடம். பழக்க தோஷம்."

"அசையாமத்தான் படிச்சேன். அந்த டிரைவருக்கு பிபி எவ்வளவு இருந்தது?"

"எப்பவும் நார்மல்தான் மேடம்."

"அப்புறம் எதுக்கு தினமும் பாத்தீங்க?"

"அவரைப் பாக்க யாரும் வரலை மேடம்."

மறுமுனையில் யாரோ கதவைத் தட்டினார்கள். "இருங்க" என்று அவர்களை அதட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"திங்கட்கிழமை காலையில இன்டர்வியூவுக்கு வாங்க. வேலை கிடைச்சாச்சுன்னு துள்ள வேணாம். கேள்வியெல்லாம் கஷ்டமா இருக்கும். முன்னாடியே சொல்லிட்டேன்."

வைத்துவிட்டார்.

அண்ணனைக் கூப்பிட்டேன். வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். வகுப்பு குரூப்பில் போட்டேன். பாதிப் பேர் டியூட்டியில் இருப்பார்கள், மீதிப் பேர் டியூட்டி முடிந்து தூங்குவார்கள். போட்ட செய்தி போட்டபடியே கிடந்தது. மெத்தைகளிடம் சொன்னேன். வழக்கம்போல் ஒத்துழைத்தன.

வெளியே வராந்தாவில் வார்டனின் செருப்புச் சத்தம் வந்தது. என் கதவைத் தாண்டிப் போய்விட்டது.

பெட்டியிலிருந்து பிபி கருவியை எடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினேன்.

"இப்ப பிபி பாக்கப் போறேன்ணே" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் கை நீண்டுவிட்டது.

நார்மல்தான்.