கேழ்வரகுக் கஞ்சிச் சோதனை

தஸ்தகீர் தன் மனைவியை விறகுக் கட்டையால் அடித்தான். கேள்விப்பட்டு ஓடிவந்த அவள் அண்ணன் தாவூது, தோல் உரிக்கும் கத்தியை மச்சானின் அடிவயிற்றில் செருகித் திருகிவிட்டான். 1971 கோடையில் கடத்தூரில் நடந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் சிறுநீர்ப்பை அழுகிவிட்டது; எடுத்துவிட்டோம். விலாவில் செருகிய ரப்பர் குழாய்கள் வழியாகத்தான் சிறுநீர் பாட்டிலில் இறங்கியது.

சிறுநீரகங்கள் நன்றாகவே வேலை செய்தன. அவை பிரிக்கும் நீர் தேங்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க் குழாய்களை அதில் தைத்து, அதன் வாயை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து ஒரு பை ஒட்டலாம். இல்லையென்றால் குழாய்களைப் பெருங்குடலிலேயே தைத்துவிடலாம். வெளியே ஒன்றும் தெரியாது. மலம் போகும் வழியிலேயே சிறுநீரும் போகும்.

"பை வேணாம் டாக்டர். ஒழுவுற பையோட எப்பிடித் தொழுவறது? உள்ளாறயே தெச்சுருங்க," என்றான் தஸ்தகீர்.

உள்வழி எல்லோருக்கும் ஒத்துவராது. ஆசனவாய்த் தசை கட்டியான மலத்தைப் பிடிப்பது வேறு, தண்ணீரைப் பிடிப்பது வேறு. பிடிக்காதவருக்குப் படுக்கை நனையும், தோல் வெந்துபோகும், மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டிவரும். அதனால் நீர்த்த கேழ்வரகுக் கஞ்சியை எனிமாவாக ஏற்றி, வெள்ளை வேட்டி கட்டி, மதியம்வரை நடக்கவிடுவோம். தண்ணீர் கசிந்தால் காய்ந்து மறைந்துவிடும். கஞ்சி கறை வைக்கும்.

தஸ்தகீருக்கும் காலையில் ஏற்றினோம். மதியம் அவன் வேட்டியில் பொட்டுக் கறை இல்லை.

"பாத்தீங்களா? நாளைக்கே கத்தியப் போடுங்க," என்று தஸ்தகீர் சிரித்தான்.

கட்டிலருகே நின்ற அவன் மனைவி நசீம் பானுவுக்கு அடிபட்ட கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. "சார், வேட்டிக்குள்ளாற லங்கோடு கட்டியிருக்காரு. பழந்துணிய மடிச்சு வெச்சிருக்காரு. நனைய நனைய நாந்தான் அலசிப் போட்டேன்."

"பொய்யி! அண்ணங்காரன் பாதி அறுத்தான், மிச்சத்த இவ அறுக்கறா!"

"பொய்யின்னா அவுத்துக் காட்டுங்களேன்."

அவன் அவள் கூந்தலைப் பிடித்திழுத்துக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் முகத்தை மோதினான். பாட்டில் விழுந்து நொறுங்கியது. நான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தேன். முழங்கையால் என் வாயில் இடித்துவிட்டு அவளை எட்டி உதைத்தான். உதைக்கும்போது வயிறு இறுகும். அப்போது ஆசனவாயை மூடிப் பிடிக்கும் நரம்பைத் தாவூதின் கத்தி ஏற்கெனவே அறுத்திருந்தது. கஞ்சி லங்கோட்டை மீறி, வேட்டியைப் பழுப்பாக்கி, தொடை வழியே தரையில் கொட்டியது.

தஸ்தகீர் அவள் கூந்தலை விட்டான். கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டான்.

"பைதான்," என்றேன். வாயில் ரத்தம் கரித்தது.

"அப்ப தொழுவறது?"

"பள்ளிவாசல்ல கேட்டுட்டேன்," என்றாள் நசீம் பானு, கிழிந்த புருவத்தை முந்தானையால் அழுத்தியபடி. "நிக்காம ஒழுவுறவங்க ஒவ்வொரு வேளைக்கும் புதுசா கைகால் மூஞ்சி கழுவி ஒளு செஞ்சுட்டுத் தொழுவலாமாம்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "பைய நீதான மாத்திவுடுவ?"

"நர்ஸம்மா உங்களுக்கே கத்துக் குடுப்பாங்க. நா எங்கம்மா வூட்டுக்குப் போறேன்."

முதலில் அவள் புருவத்தைத் தைத்தேன். மரப்பு ஊசி வேண்டாமென்று சொல்லிவிட்டாள், பஸ்ஸுக்கு நேரமாகிறதாம்.