உள்பக்க வெல்டு

"ஓடு அக்மல்! பைப் பக்கம் நிக்காதே!"

கத்திக்கொண்டே ரூபினி நீராவி வால்வின் சக்கரத்தைத் திருகினாள். கையுறையைத் தாண்டிச் சூடு ஏறியது. ஜார்ஜ்டவுன் ஹோட்டலின் சலவைக்கூடம் முழுக்க வெண்புகை. காதைக் கிழித்த சீறல் மெல்லத் தேய்ந்து அடங்கியது.

துணி வண்டிக்குப் பின்னாலிருந்து அக்மல் தலையை நீட்டினான். "ஒரு அடி முன்னால நின்னிருந்தா என் மூஞ்சி பார்பிக்யூ லா, அக்கா!"

"வாய் வேலை செய்யுதுல்ல? அப்ப உசிரு இருக்கு. எந்திரி."

இந்தப் புதுக் குழாயைப் போட்ட கான்ட்ராக்டர் கோகிலன், அவள் கணவன். அதைப் பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போட்ட ஹோட்டல் இன்ஜினியர் அவள்.

குழாய் ஆறியதும் டார்ச்சை அடித்தாள். ஃபிளேஞ்ச் வளையமும் குழாயும் சேருமிடத்தில், வெல்டின் மேல் தலைமுடிபோல ஒரு வெடிப்பு. கனம் அளக்கும் கேஜை வைத்தாள். குழாயின் கனம் ஆறு மில்லி. வெளி வெல்டு அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். ஒன்பது இருந்தது. அளவு கச்சிதம்.

பின்னே ஏன் வெடித்தது?

"போல்ட்டைக் கழட்டு, அக்மல்."

இந்த வகை வளையத்துக்குள் குழாய் நுழைந்து நிற்கும். வெளியே ஒரு வெல்டு, உள்ளே ஒரு வெல்டு, இரண்டும் சேர்ந்துதான் தாங்கும். போல்ட்டை முடுக்கிவிட்டால் உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் முடுக்குவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். போன வாரம் அவள் போய்ச் சேர்வதற்குள் கோகிலன் எல்லாவற்றையும் முடுக்கிவிட்டிருந்தான்.

"உள்ளுக்கு ஆறு மில்லிமா. நானே கேஜ் வச்சுப் பாத்தேன். புருஷன நம்ப மாட்டியா?" என்றான் அன்று.

நம்பினாள்.

வளையம் விலகியது. உள்ளே வெல்டே இல்லை. கடையில் வாங்கி வந்த பளபளப்புகூட மங்காமல் இரும்பு அவளைப் பார்த்துச் சிரித்தது.

போனில் கோகிலன் பதறினான். "வெல்டர் என்னை ஏமாத்திட்டான்மா!"

"நீங்களே அளந்தேன்னு சொன்னீங்களே?"

"வேற ஃபிளேஞ்ச அளந்திருப்பேன். அவசரம்லா. இப்ப என்னைக் காப்பாத்து. உள்ளயும் வெளியயும் நீ சரியா பாக்கலன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடு. ஒன்ன நாலு திட்டு திட்டி விட்டுருவாங்க. எனக்குக் கம்பெனியே போயிரும்."

இன்று நீராவி திறக்கும்போது தானே பக்கத்தில் நிற்கப் போவதாகக் காலையில் அவனிடம் சொல்லித்தான் கிளம்பினாள். தெரிந்திருந்தால் நிற்க விட்டிருப்பானா? மனிதன் ஏமாந்துதான் போயிருக்கிறான்.

"சரி," என்றாள். "பழி என் மேல இருக்கட்டும்."

அக்மலையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறையை நோக்கி நடந்தாள். ஆபரேட்டர் யார் என்று அவர் முதலில் கேட்பார்.

"அக்மல், இன்னிக்கு ஜெயராஜ் ஷிப்ட்தானே? நீ எப்படி வந்தே?"

"அவன் எம்சி லீவு போட்டுட்டான் அக்கா. காய்ச்சலாம்."

ஜெயராஜ் கோகிலனின் தம்பி. நடந்தபடியே அவனைக் கூப்பிட்டாள். "காய்ச்சல் எப்படிடா இருக்கு?"

"காய்ச்சலா? ஆங்... பரவால்ல அண்ணி." பின்னால் டிவி அலறியது. "பைப்புக்கு ஒண்ணும் ஆகலையே? யாருக்கும் அடி இல்லையே?"

ரூபினி நின்றுவிட்டாள். "பைப்புக்கு என்ன ஆகும்னு நீ நினைச்சே?"

மறுமுனையில் டிவி சத்தம் சட்டென்று நின்றது.

"அண்ணன்தான் நேத்து சொன்னாரு. உள்ள வெல்டு அடிக்கல, ஸ்டீம் விடறப்ப கிட்ட நிக்காதே, எம்சி போட்டுருன்னு." அவன் குரல் தயங்கியது. "ஒங்ககிட்டயும் சொல்லிட்டேன்னாரே, அண்ணி?"