பழகிப்போன பொய்

நாளைக் காலை மாமனார் ஹஜ்ஜிலிருந்து வந்து இறங்குகிறார். அவருடைய காரோ தைப்பிங் சந்தை முனைச் சிவப்பு விளக்கில் மறுபடியும் அணைந்துபோனது. பின்னால் ஒரே ஹாரன். மருமகன் ஃபைருஸ் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தான். ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது அந்தச் சாவியைக் கொடுத்துவிட்டு, "மகளக் குடுத்தப்பகூட நான் இவ்வளவு யோசிக்கல" என்று சொன்ன மனுஷர் அவர்.

அவர் விமானம் ஏறிய மறுவாரமே இந்தப் பாவி, பெட்ரோல் மிச்சமாகும் என்று எவனோ சொன்னதை நம்பி, உள்ளங்கையளவு பெட்டி ஒன்றை வாங்கி, இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகிற வயரின் நடுவே சொருகினான். ஒரு மண்ணும் மிச்சமாகவில்லை. நேற்றுதான் அதைக் கழற்றி, வயரை ஒட்டி டேப் சுற்றிச் சுவடு தெரியாமல் செய்தான். கழற்றிய பிறகுதான் சனி பிடித்தது. கரும்புகை, பெட்ரோல் நாற்றம், நிறுத்திய இடத்திலெல்லாம் அணைந்துபோவது.

"இன்ஜின் போச்சா, தௌகே?" பட்டறையில் பெட்டி விஷயத்தை ஒப்புக்கொண்டுவிட்டுக் கேட்டான்.

பட்டறை முதலாளி கியோங் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டபடியே சிரித்தார். "இன்ஜினுக்கு ஒண்ணும் இல்ல பாஸ். உன் பெட்டி கம்ப்யூட்டர்கிட்ட, காத்து கம்மியாத்தான் வருதுன்னு புளுகிட்டிருந்துச்சு. அதுவும் நம்பிப் பெட்ரோலக் குறைச்சுது. ஆனா புகைக்குழாயில இருக்கிற சென்சார் சும்மா விடுமா? பத்தல, பத்தலன்னு கத்துச்சு. சரின்னு கம்ப்யூட்டர் கொஞ்சங்கொஞ்சமாக் கூட ஊத்திப் பழகிடுச்சு. இப்ப புளுகினவன் போயிட்டான், பழக்கம் போகல. தேவைக்கு மேல ஊத்துது."

"இப்ப என்ன பண்றது?"

"மறக்க வைக்கணும்."

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு எதிர்க்கடைக்குத் தே தாரிக் டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து மாட்டினார், முடுக்கினார். இன்ஜின் லேசாகத் தடுமாறியது, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. அணையவில்லை. அப்பாடா! ஃபைருஸுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அல்ஹம்துலில்லா!"

"எனக்கும் சேத்துச் சொல்லு. ஆமா பாஸ், இந்த வயர்ல உன் ஒட்டுக்குப் பக்கத்துல இன்னொரு பழைய ஒட்டு இருக்கே, அதுவும் உன் வேலைதானா?"

"சத்தியமா இல்ல!" என்றான். இருந்த சந்தோஷத்தில் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

மறுநாள் விமான நிலையத்தில், வெள்ளைக் குல்லாவோடு வந்த மாமனார் சலாம் சொன்ன கையோடு சாவியை வாங்கிக்கொண்டார். கூட வந்த மாமியார் முன்னால் ஏறினார். ஃபைருஸ் பின்னால் உட்கார்ந்து, தெரிந்த துவாக்களையெல்லாம் ஓதிக்கொண்டு வந்தான். டோல் சாவடியில் நீண்ட வரிசை. வண்டி சாதுவாக நின்று உறுமிக்கொண்டிருந்தது.

மாமனாரின் இடது கை மெல்ல டேஷ்போர்டுக்கு அடியில் போனது. எதையோ தடவியது. வெளியே எடுத்து, விரல்களை ஒட்டிப் பிரித்துப் பார்த்தார். புது டேப்பின் பிசுக்கு. கண்ணாடி வழியாக மருமகனைப் பார்த்தார்.

"பேட்டரியக் கழட்டினியா?"

ஃபைருஸ் இருக்கையின் நுனிக்கு வந்தான். "கழட்டினேன், அபா."

"பொழச்சே. நான் கழட்டினப்ப எனக்கு அது தெரியாமப் போச்சு."

"என்ன பேட்டரி?" என்றார் அரைத் தூக்கத்தில் மாமியார்.

"ஒண்ணுமில்ல" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். முன்னால் தடுப்புக்கட்டை மேலே எழுந்தது.